மருந்தண்ணன் வளர்த்த கிராமத்தாள்

வளைகுடா நாடுகளின் கரப்பான் பூச்சிகளெல்லாம் ஒன்று கூடி எமனுக்குச் சிலை வைப்பதென்று முடிவு செய்தால், அந்தச் சிலை கட்டாயம் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவரின் ஜாடையில்தான் இருக்கும். முதுகில் மருந்து டாங்க், கையில் நீளக் குழாய், மூக்கை மூடிய முகமூடி, அதற்கு மேலே எதையும் நம்பாத இரண்டு கண்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட்டோ கம்பெனி பீரோவில் இருந்தது. ஆகவே எங்களுக்கெல்லாம் அவர் மருந்தண்ணன்.

ருவைஸ் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அபுதாபியில் பஸ் ஏறி, தூங்கி எழுந்து, 'இன்னுமா வரவில்லை' என்று சலித்துக்கொண்டு மறுபடியும் தூங்கினால் வரும். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் மணல், நடுவில் ரிஃபைனரி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் அங்கே ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் ஸ்டோர்கீப்பர். கேம்ப்பில் ஒரு ரூமுக்கு ஆறு பேர், அடுக்குக் கட்டில். என் எதிர்க் கட்டிலின் கீழ்த்தட்டில் மருந்தண்ணன். அவருக்கு மேல்தட்டில் மன்னார்குடி வெல்டர் சேகர். கேம்ப்பிலும் அதை ஒட்டிய குடும்பக் காலனியிலும் பூச்சி மருந்து அடிப்பதுதான் அண்ணனின் வேலை.

அவருடைய தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. "மல்லாந்தா முடிஞ்சுதுங்க" என்பார். பூச்சி ஓடுகிறதா, தள்ளாடுகிறதா, மீசையை ஆட்டுகிறதா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. முதுகு தரையில் பட்டால்தான் வேலை முடிந்த மாதிரி. மருந்து குடித்த கரப்பான் ஒன்று மெஸ்ஸில் போதையேறிச் சுற்றிக்கொண்டிருந்தால், அது மல்லாக்க விழும் வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போய்விடுவோம். அவர் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் சேகர் இரட்டை டியூட்டி பார்த்துவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அண்ணனின் கட்டிலிலேயே வாயைப் பிளந்துகொண்டு மல்லாக்கத் தூங்கினான். கண் விழித்தால், அண்ணன் பிரஷ் கட்டையால் அவன் விலாவில் மெல்லக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பழக்க தோசம்."

அன்றிலிருந்து சேகர் ஒருக்களித்துத்தான் படுத்தான்.

இப்பேர்ப்பட்ட மனிதரைக் காலனி வில்லா ஒன்றிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அதில் குடியிருந்த சிலி நாட்டு என்ஜினீயர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். போகும்போது ஒரு கண்ணாடித் தொட்டியை ஸ்டோர் ரூமில் விட்டுவிட்டார். அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்த புதுக் குடித்தனக்காரம்மா வீட்டை விட்டே வெளியே வந்து, ரோட்டில் நின்று போன் செய்தார். அண்ணன் டாங்க்கை மாட்டிக்கொண்டு வீராதி வீரனாகக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது டாங்க் முதுகில் இருந்தது. தொட்டி இடுப்பில் இருந்தது, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் போல.

உள்ளே ஒரு சிலந்தி. சிலந்தி என்றால் உங்கள் வீட்டு மூலையில் வலை கட்டுமே, அந்த ஜாதி இல்லை. விரித்த உள்ளங்கை அளவு இருந்தது. உடம்பு முழுக்க ரோமம், முதுகில் மங்கலான ரோஸ் நிறம். சேகர் மேல்கட்டிலில் ஏறி, அதற்கு மேலே ஏற இடமில்லாததால் அங்கேயே நின்றான்.

"ஏண்ணே, மருந்தடிக்கத்தானே உங்களக் கூப்ட்டாங்க. கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?"

"அடிக்கத்தான் போனேனுங்க. மூடியத் தெறந்து குழாய நீட்டுனேன். அது முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக் கும்பிடு போட்டுச்சுங்க. கும்பிட்ட கையி மேல எப்பிடீங்க மருந்தடிக்கறது?"

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஜாதிச் சிலந்தி முன்னங்காலைத் தூக்கினால், 'கிட்டே வந்தால் கடித்துவிடுவேன்' என்று அர்த்தமாம். மார்க்கெட்டில் இருந்த இன்டர்நெட் கடையில் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அண்ணனிடமும் சொன்னேன். "உங்க கம்ப்யூட்டரப் பாத்து அது கும்பிட்டுச்சுங்களா? என்னையப் பாத்துத்தானே கும்பிட்டுச்சு" என்று கேட்டார்.

தொட்டியின் பக்கவாட்டில் பழைய சொந்தக்காரர் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். நான் எழுத்துக் கூட்டி, "கிராமோஸ்டோலா" என்று படித்தேன்.

"கிராமத்தாளா? நம்ம பக்கத்துப் பேராட்டவே இருக்குதுங்க" என்றார் அண்ணன், ரொம்பத் திருப்தியாக.

தென் அமெரிக்காவில் சிலி, அர்ஜென்டினா, உருகுவே, பிரேசிலின் தெற்குப் பக்கம் என்று பரவிக் கிடக்கிற ஒரு பெரிய சிலந்திக் குடும்பம், ருவைஸ் கேம்ப்பில் எங்கள் ரூமில் வைத்துக் 'கிராமத்தாள்' ஆனது இப்படித்தான். கூப்பிடும்போது மட்டும் 'அம்மிணி'. பொட்டைதான் என்று எப்படித் தெரியும் என்று சேகர் கேட்டதற்கு, "எந்நேரமும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு ஒரே எடத்துல உக்காந்திருக்குது பாருங்க" என்று பதில் வந்தது. ஊரில் இருக்கிற அண்ணி இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பிரச்சினை சாப்பாட்டில் ஆரம்பித்தது. அம்மிணிக்குக் கரப்பான் வேண்டும். கேம்ப்பிலோ அண்ணன் மருந்தடிக்காத கரப்பானே கிடையாது. மருந்து பட்டதைத் தின்றால் அம்மிணிக்கும் அதே கதிதான். அத்தனை வருடம் யாரை ஒழித்தாரோ அவர்களைத் தேடி அண்ணன் ரூம் ரூமாக அலைந்தார்.

"உங்க ரூம்ல கரப்பான் இருக்குதுங்களா?"

"இல்ல அண்ணே. நீங்க போன வாரந்தானே அடிச்சீங்க, சுத்தமா போச்சு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள்.

"அட கெரகமே" என்று இவர் முகம் தொங்கிவிடும். "மருந்து படாதது ஒண்ணு கெடச்சாச் சொல்லுங்க. பிராய்லராட்ட மந்தமா இருக்கறது வேண்டாமுங்க. நல்லா ஓடற நாட்டுக் கரப்பானா வேணும்."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கடை மூடிகளுக்குப் பக்கத்தில் அவர் பதுங்கியிருப்பதைப் பார்த்து, புதிதாக வந்தவர்கள் வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள். பழையவர்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அம்மிணி நல்ல காரியம் எதுவும் செய்யவில்லை, கெட்ட காரியம் எதுவும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தால் மட்டும் பின்னங்காலால் முதுகு ரோமத்தை உதறிவிடுவாள். அது பறந்து தோலில் பட்டால் அரிப்பு உயிர் போகும். சேகர் ஒரு வாரம் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு திரிந்தான். அண்ணன் அவனைப் பரிசோதித்து, "இது மூட்டப்பூச்சிங்க" என்று பழியைத் தூக்கி வேறு ஜாதி மேல் போட்டார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, மூட்டைப்பூச்சி நிஜமாகவே வந்துவிட்டது. கேம்ப் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அதன் வேதனை புரியும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்துவிட்டு வந்து படுத்தால், கட்டில் மூட்டுகளிலிருந்து கிளம்பி வந்து ரத்தம் குடிக்கும். எங்கள் பிளாக் முழுக்கத் தூக்கமில்லாமல் சிவந்த கண்களோடு டியூட்டிக்குப் போனது.

அதே சமயத்தில் அம்மிணி சாப்பாட்டை நிறுத்தினாள். நாட்டுக் கரப்பானைப் பக்கத்தில் விட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கெல்லாம் குழப்பம். அண்ணன் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பொரட்டாசி பொறந்திருச்சுங்க. அம்மிணி கவுச்சி தொட மாட்டா."

சேகர் அன்றைக்கு மெஸ்ஸில் சிக்கன் வாங்கி வைத்திருந்தான். தொட்டியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "ஒரு பூச்சிக்கு இருக்கற பக்தி நமக்கு இல்லியே" என்று முணுமுணுத்துக்கொண்டே தின்று முடித்தான்.

கேம்ப் பாஸ் பெஷாவர்க்காரர். எல்லோருக்கும் கான் பாய். அவர் வந்து, வெள்ளிக்கிழமை லீவு நாளில் காலையில் பிளாக் முழுக்க மருந்தடிக்க வேண்டும், ஒரு ரூம் பாக்கியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு ரூமை விட்டால் அங்கிருந்து எல்லா ரூமுக்கும் மறுபடி பரவும் என்பது நியாயம்தானே. அடிக்க வேண்டியது மருந்தண்ணன். அவரும் ஒத்துக்கொண்டார். எங்கள் ரூமுக்குக் கடைசியில் அடிப்பது, அதற்கு முன் தொட்டியை என் ஸ்டோருக்குக் கொண்டுபோய்விடுவது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை. மற்ற ரூமெல்லாம் முடிந்து, தொட்டியைத் தூக்க அண்ணன் உள்ளே வந்தார். குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அம்மிணி மல்லாக்கக் கிடந்தாள். எட்டுக் காலும் மேலே.

நான் எட்டிப் பார்த்தேன். சேகரும் வந்து பார்த்தான். அந்தச் சட்டத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கடைசியில் சேகர்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"முடிஞ்சுதாண்ணே?"

"மல்லாந்துட்டாளுங்க" என்றார். அவ்வளவுதான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகமூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். லட்சக்கணக்கில் பூச்சிகளை அனுப்பி வைத்த மனிதர் ஒரு பூச்சிக்காகக் கண் கலங்குவதைப் பார்க்கச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.

வெளியிலிருந்து கான் பாய், "யல்லா, மருந்து பாய், ஜல்தி" என்று சத்தம் போட்டார்.

அண்ணன் எழுந்தார். முகமூடியை மாட்டினார். டாங்க்கின் பம்ப்பை அடித்தார்.

"தொட்டிய எடுத்துட்டு அடிங்கண்ணே" என்றேன்.

"இனி எடுத்து என்னத்துக்குங்க" என்று குழாயை மூலைக்கு நீட்டினார். விரல் விசையில் இருந்தது. கடைசியாக ஒருமுறை தொட்டியைப் பார்க்கலாம் என்று திரும்பினார்.

ஒரு கால் மட்டும், ஸ்லோமோஷனில், மடங்கி நீண்டது.

அண்ணன் குழாயைக் கீழே போட்ட சத்தத்தில் கான் பாய் உள்ளே ஓடி வந்துவிட்டார். அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். "ஸ்டோரு, போயி உங்க கம்ப்யூட்டரக் கேட்டுட்டு வாங்க" என்று என்னை விரட்டினார். நான் மார்க்கெட்டுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமைக்காகப் பூட்டிக் கிடந்த இன்டர்நெட் கடையின் மலையாளிச் சேட்டனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஷட்டரைத் தூக்கச் சொல்லிப் படித்தேன். படித்ததைச் சுமந்துகொண்டு திரும்ப ஓடி வந்தேன். சாகவில்லை, தோல் உரிக்கிறது. அதற்காகத்தான் மல்லாக்கப் படுக்கும். பல நாளாய்ச் சாப்பிடாமல் இருந்ததும் அதற்காகத்தான். இப்போது தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. உரித்து முடித்த பிறகும் சில நாளைக்கு உடம்பு பச்சைப் புண் மாதிரி மெத்தென்று இருக்கும்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அப்ப, பாம்பாட்டச் சட்ட உரிக்கறாளா?" என்றார். பிறகு கான் பாயைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த அத்தனை பாஷையையும் ஒரே வாக்கியத்தில் கொட்டினார். "பாய், இஸ்கா சட்டை சேஞ்ச். ஸ்ப்ரே மாஃபி." மாஃபி என்றால் அங்கத்து அரபியில் 'கிடையாது'.

"மாஃபி க்யா? ஆர்டர் ஹை" என்றார் கான் பாய்.

"முடியாதுங்க."

கோபிக்காரர்கள் ஒரு காரியத்தை மறுக்கும்போதும் மரியாதையாகத்தான் மறுப்பார்கள். அந்தக் கடைசி 'ங்க'வைக் கேட்டால் ஏதோ விட்டுக்கொடுத்துவிடுவார் போல இருக்கும். விட மாட்டார். கான் பாய் கத்தினார். விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு "முடியாதுங்க" என்றார். சேகர்கூட, "எல்லாரும் தூங்கணுமேண்ணே" என்று இழுத்தான். அவனுக்கும் அதே பதில், அதே மரியாதை. பிறகு ஒரு வாக்குக் கொடுத்தார். அடுத்த வெள்ளி வரை டைம் கொடுங்கள். மருந்தே இல்லாமல் இந்த ரூமைச் சுத்தம் பண்ணிக் காட்டுகிறேன். ஒரே ஒரு மூட்டைப்பூச்சி அகப்பட்டாலும் நானே மருந்தடித்துவிட்டு, நானே ஊருக்குக் கிளம்புகிறேன்.

கான் பாய் தொட்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "பாகல்" என்று சொல்லிவிட்டுப் போனார். பைத்தியம் என்று அர்த்தம். ஆனால் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்தது ஒரு யுத்தம். புரட்டாசி பிறந்துவிட்டது என்பது நம் காலண்டருக்குத்தான் தெரியும், ருவைஸ் வெயிலுக்குத் தெரியாது. ஷிப்டுக்கு ஆள் இறக்கிவிட்டு வரும் கம்பெனி பஸ் சாயங்காலம் வரை கேம்ப் வாசலில் வெயிலில் நிற்கும். கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்தால் உள்ளே அப்பளம் பொரியும். அண்ணன் டிரைவரைத் தாஜா பண்ணி, எங்கள் ஆறு பேரின் மெத்தை, தலையணை, போர்வை, பெட்டி, ஜன்னல் திரை அத்தனையையும் பஸ்ஸில் ஏற்றினார். சீட்டு சீட்டாக மெத்தைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த செக்யூரிட்டி, இவர்களெல்லாம் எந்த சைட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டான். ஒருநாள் சாயங்காலம் சேகரின் போர்வையை இறக்க மறந்து அது ரிஃபைனரி கேட் வரை போய்த் திரும்பி வந்தது.

ரூமில் அம்மிணியின் தொட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டில்களைக் கழற்றி வெளியே போட்டு, ஒவ்வொரு மூட்டிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார். டியூட்டி முடிந்து வந்து தினமும் இதே வேலை. முதலில் அவர் ஒருவர்தான் செய்தார். அப்புறம் நான் கெட்டில் தூக்கினேன். அப்புறம் திட்டிக்கொண்டே சேகர் வந்தான். வீம்பு என்பது ஒரு ஒட்டுவாரொட்டி. மூன்றாம் நாளே அவன்தான், "அண்ணே, அந்த ஸ்க்ரூ ஓட்டைய விட்டுட்டீங்க" என்று அவரை அதட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்றைக் கவனித்தேன். வெந்நீர் பட்ட மூட்டைப்பூச்சி மல்லாந்த பிறகும் அண்ணன் அடுத்த மூட்டுக்குப் போகவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதான் மல்லாந்துருச்சேண்ணே" என்றேன்.

"இனி மல்லாந்ததயெல்லாம் நம்பறதில்லீங்க. செத்த நேரம் பாத்துட்டுத்தான் செத்துதான்னு சொல்லோணும்" என்றார். அவர் தொழிலில் இருந்த ஒரே சட்டத்தை, அவரே அப்படித் திருத்திக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கான் பாய் பெரிய டார்ச்சோடு வந்தார். கட்டில் மூட்டு, மெத்தைத் தையல், சுவர் விரிசல், சேகரின் பெட்டி மடிப்பு என்று ஒன்று விடாமல் துழாவினார். நாங்கள் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதைப் போல வரிசையாக நின்றோம். அண்ணன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, எந்தச் சாமியோ தெரியவில்லை. ஒன்றும் அகப்படவில்லை. கான் பாய் நிமிர்ந்து, "கலாஸ். டீக் ஹை" என்று பாஸ் போட்டுவிட்டார். போகிற போக்கில் தொட்டிக்கு டார்ச் அடித்தார்.

உள்ளே பளபளவென்று புது ரோஸ் நிறத்தில் அம்மிணி. பக்கத்தில், கால் நகம் வரை அப்படியே முழுசாக, அவள் கழற்றிப் போட்ட பழைய சட்டை.

"தோ?" என்றார் கான் பாய். குரல் கீச்சென்று வந்தது. "தோ ஹோ கயா?"

ஒரே வாரத்தில் ஒன்று இரண்டாகிவிட்டது என்றால் மாசத்துக்குள் எத்தனை ஆகும் என்று அவர் மனசில் கணக்கு ஓடியிருக்க வேண்டும். யாரும் விளக்குவதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் வேண்டுமென்றே விளக்கவில்லை. நாங்கள் இருந்த வரைக்கும் கான் பாய் எங்கள் ரூமுக்குள் கால் வைக்கவே இல்லை. அதைவிடப் பெரிய சுகம் கேம்ப்பில் வேறு கிடையாது.

புரட்டாசி முடிந்த கையோடு அம்மிணி ஒரு நாட்டுக் கரப்பானை வெளுத்துக் கட்டினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணனை அதற்குமேல் யாராலும் பிடிக்க முடியவில்லை.

காண்ட்ராக்ட் முடிந்தபோது அவளை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. அபுதாபியில் இந்த மாதிரி ஜீவன்களை வளர்க்கிற பிரெஞ்சுக்கார டாக்டர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தார். அவ்வளவு தூரமும் பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போயிருந்தேன். ஒப்படைக்கும்போது டாக்டரிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பொரட்டாசி மே கானா மாஃபி, சாப்." டாக்டர் மரியாதையாகத் தலையாட்டினார். திரும்புகிற வழியெல்லாம் அண்ணன் மடியில் கையைத் தொட்டியைப் பிடித்த வாக்கிலேயே வைத்திருந்தார்.

ஊர் திரும்பி வருடங்களாகிவிட்டன. போன மாதம் அண்ணனின் செல்லுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன், கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றார். "அசையக் கூடாதுன்னு மல்லாக்கப் படுக்க வெச்சிருக்காங்கண்ணா" என்று அழுதார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அம்மிணியின் தொட்டிதான் கண்ணில் வந்தது. பின்னாலிருந்து யாரோ போனைக் கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் அந்தக் குரல், இளைத்துப் போய், ஆனால் மரியாதை குறையாமல் வந்தது.

"ஆரு, ஸ்டோருங்களா? ஒண்ணும் பயப்படாதீங்க. சட்ட மாத்தறேன், அவ்வளவுதானுங்க. செத்த நேரம் பொறுத்துப் பாருங்க. அதுக்குள்ள ஆரும் அவசரப்பட்டு மருந்தடிச்சிராமப் பாத்துக்கங்க, சாமி."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அண்ணி போன் செய்து சொல்கிற வரைக்கும், எங்கள் வீட்டில் நான் ஒரு கொசுவத்திகூட ஏற்ற விடவில்லை.